கொலையாளியின் பெயரைச் சொல்லாமல்

1841 ஏப்ரலில், பிலடெல்பியாவிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிரகாம்ஸ்' மாத இதழில் எட்கர் ஆலன் போவின் 'ரூ மார்க் கொலைகள்' வெளியானது. துப்பறியும் கதை என்ற வகை இந்தச் சிறுகதையிலிருந்துதான் தொடங்குகிறது என்பதில் இலக்கிய வரலாற்றாளர்களிடையே பெரிய தகராறு கிடையாது. அடுத்த மாதம் முதல் தேதி, அதே ஊரின் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் போ மதிப்புரைக்காரராக வந்தார். லண்டனில் அப்போது சார்லஸ் டிக்கன்ஸ் 'பார்னபி ரட்ஜ்' நாவலை வாரத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முந்தைய கொலை ஒன்று அந்தக் கதைக்குள் விடை தெரியாமல் கிடக்கிறது. தொடர் ஆரம்பித்துச் சில மாதங்களே ஆன நிலையில், கொன்றது இன்னார்தான் என்று போ அச்சிலேயே போட்டு உடைத்துவிட்டார். ஆள் சரி, சில விவரங்கள் பிசகின.

1842இல் முழு நாவலுக்கும் மதிப்புரை எழுதியபோது தன் கணிப்பை நினைவூட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். கூடவே இன்னொன்றையும் சொன்னார். முதல் தடவை படிக்கும்போது கவனத்தில் படாமல் நழுவும் நுட்பங்கள் இத்தகைய கதையில் ஏராளம்; ரகசியம் தெரிந்தபின் திரும்பப் படிப்பவருக்கே அவை கண்ணில் படும் என்பது அவர் வாதம்.

ஆக, துப்பறியும் கதையும் அதற்கான விமர்சனமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே ஆளின் மேஜையிலிருந்து கிளம்பின. கொலைக் கதையை மதிப்பிடுவதில் உள்ள சிக்கலும் அன்றே முழுதாக வந்துவிட்டது. இந்த வகைக்கு மட்டும் இரண்டு விதமான மதிப்புரை தேவைப்படுகிறது. ஒன்று, இன்னும் படிக்காதவருக்கு எழுதுவது. அதில் முடிவை மறைக்க வேண்டும். மற்றொன்று, படித்து முடித்தவருக்கு எழுதுவது. அதில் முடிவைத் தொடாமல் ஒன்றும் பேச முடியாது. கடந்த நூற்றெண்பது ஆண்டுகளில் இந்த வகையைப் பற்றி நடந்த சண்டைகளில் பாதி, யாருக்கு எழுதுகிறோம் என்பதை எழுதியவர்களே தெளிவுபடுத்திக்கொள்ளாததால் வந்தவை.

எதைச் சொல்லலாம்?

பாரிஸில் வாழ்ந்த பல்கேரியத் திறனாய்வாளர் ஸ்வெதான் தோதரோவ் 1966இல் ஒரு கட்டுரையில், துப்பறியும் நாவலுக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டினார். ஒன்று கொலையின் கதை. நாவல் சூடு பிடிக்கும் முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது. இன்னொன்று விசாரணையின் கதை. யார் யாரைச் சந்தித்தார்கள், எதைக் கேட்டார்கள், எதைப் பார்த்தும் கவனிக்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் அதில் அடங்கும். புத்தகத்தில் நாம் உண்மையில் படிப்பது இந்த இரண்டாவதைத்தான்.

மதிப்புரை எழுதுகிறவருக்கு இந்தப் பிரிவினை பெரிய உதவி. கொலையின் கதையை அவர் தொடக் கூடாது. விசாரணையின் கதையைப் பற்றி விரிவாகவே பேசலாம்: கதை நடக்கும் வீடு, ஊர், காலம், துப்பறிகிறவர் மூளையை நம்புகிறாரா, காலை நம்புகிறாரா, சாட்சிகள் பேசும்போது ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் இருக்கிறதா, நடுப்பகுதியில் விசாரணை தொய்கிறதா, எழுத்தாளர் துப்புகளை நம் கண் முன்னால் வைக்கிறாரா, இல்லை கடைசி அத்தியாயத்தில் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறாரா. கதைச் சுருக்கத்தைப் பொறுத்தவரை, முதல் சடலம் கிடைத்து விசாரணை தொடங்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். நாவலின் கால்வாசிக்கு மேல் சொன்னால் அது அத்துமீறல்.

பெயரைச் சொல்லாமலே ரகசியத்தைக் கசியவிடவும் முடியும். 'யாரும் எதிர்பாராத முடிவு' என்று எழுதிவிட்டால், வாசகர் முதல் பக்கத்திலிருந்தே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். புகழ்பெற்ற இன்னொரு நாவலோடு ஒப்பிட்டால், அதைப் படித்தவருக்கு இதன் விடையும் தெரிந்துவிடும். மூன்று காட்சிகளில் மட்டும் வந்துபோகும் ஒரு சமையல்காரரின் பாத்திரப் படைப்பை மதிப்புரைக்காரர் காரணமில்லாமல் பாராட்டினால், கூர்மையான வாசகர் அந்தச் சமையல்காரரை விடவே மாட்டார்.

எழுத்தாளர்களே நீதிபதிகளாக

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைத் துப்பறியும் நாவலின் பொற்காலம் என்பார்கள். அதன் விமர்சனத்துக்கும் அதுதான் பொற்காலம். கவிஞர் டி.எஸ். எலியட் தாம் நடத்திய 'கிரைட்டீரியன்' இதழில் 1927இல் துப்பறியும் நாவல்களைக் கட்டுக்கட்டாக மதிப்பிட்டார். மாறுவேடங்களை நம்பிக் கதை ஓடக் கூடாது, குற்றவாளியின் நோக்கம் சராசரி மனிதனுக்குரியதாக இருக்க வேண்டும், மாயமந்திரமும் விசித்திர எந்திரங்களும் கூடாது, துப்பறிகிறவர் புத்திசாலியாக இருக்கலாம், ஆனால் அதிமானுடராக இருக்கக் கூடாது என்று சில நெறிகளையும் வகுத்தார். அவர் உரைகல்லாக வைத்திருந்தது வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' (1868). 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்தபோது கொள்ளைபோன ஒரு வைரத்தில் தொடங்கும் நாவல் அது.

1928இல் எஸ்.எஸ். வான் டைன் 20 விதிகளை வெளியிட்டார். வான் டைன் என்பது புனைபெயர். இயற்பெயர் வில்லர்டு ஹன்டிங்டன் ரைட், தொழிலால் கலை விமர்சகர். அடுத்த ஆண்டு ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், தொழிலுக்கு ஏற்றாற்போல், பத்துக் கட்டளைகள் எழுதினார். 1930இல் லண்டனில் தொடங்கிய 'டிடெக்‌ஷன் கிளப்' புதிய உறுப்பினர்களிடம் சத்தியமே வாங்கியது: தற்செயல், தெய்வ வாக்கு, உள்ளுணர்வு ஆகியவற்றை நம்பிக் கதையை முடிக்க மாட்டேன் என்று. அதன் முதல் தலைவர் ஜி.கே. செஸ்டர்டன்.

இந்த விதிகள் எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான். துப்பறிகிறவருக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை ஆங்கிலத்தில் ஆட்ட நேர்மை என்ற பொருளில் குறிப்பிட்டார்கள். எல்லரி குவீன் நாவல்கள் 1929 முதல் இதை ஒரு சடங்காகவே ஆக்கின. கடைசி அத்தியாயங்களுக்கு முன் கதையை நிறுத்தி, எல்லாத் துப்புகளும் உங்கள் கையில் இருக்கின்றன, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று வாசகருக்குச் சவால் விடும் ஒரு பக்கம் வரும். அமெரிக்காவின் ஹார்ப்பர் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. கடைசிப் பகுதியைக் காகிதத்தால் ஒட்டி மூடி விற்றது. ஒட்டைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். தன் புத்தகத்தின் நடுப்பகுதி மேல் ஒரு பதிப்பகம் வைத்த நம்பிக்கை அது.

நேர்மை பற்றிய இந்தப் பேச்சைச் சூடாக்கியது அகதா கிறிஸ்டியின் 'ராஜர் ஆக்ராய்டின் கொலை' (1926). அதன் முடிவைப் படித்த ஒரு சாரார் இது வாசகரை ஏமாற்றும் வேலை என்று கொதித்தார்கள். டோரதி எல். சேயர்ஸ் கிறிஸ்டியின் பக்கம் நின்றார். எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியது வாசகரின் பொறுப்பு, அதில் விதிவிலக்குக் கொடுத்துவிட்டு எழுத்தாளரைக் குறை சொல்லக் கூடாது என்பது அவர் நிலை. நூறாண்டு ஆகியும் அந்த நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் எதனால் கொதிப்பு வந்தது என்பதைச் சுற்றி வளைத்தே சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையும் அப்படித்தான்.

சேயர்ஸ் 1933 முதல் 1935 வரை 'சண்டே டைம்ஸ்' ஞாயிறு இதழுக்காகத் துப்பறியும் நாவல்களை வாராவாரம் மதிப்பிட்டார். நிக்கலஸ் பிளேக் என்ற பெயரில் துப்பறியும் கதை எழுதிய கவிஞர் செசில் டே லூயிஸ் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் எழுதினார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் உண்மையிலேயே வேலை பார்த்திருந்த டாஷியல் ஹாம்மெட் 'சாட்டர்டே ரெவ்யூ' இதழின் மதிப்புரைக்காரர். 1927இல் வான் டைனின் முதல் நாவல் அவர் கைக்கு வந்தது. போலீஸ்காரர்களை எவ்வளவு மக்காகப் படைத்தாலும், அவர்கள் வழக்கமாகச் செய்யும் அடிப்படை விசாரணையைச் செய்ய விட்டிருந்தாலே வழக்கு உடனே முடிந்திருக்கும் என்று ஒரே வெட்டாக வெட்டினார். ஒரு சிறு மதிப்புரை எப்படி ஒரு நாவலின் அடித்தளத்தைக் காலி செய்யலாம் என்பதற்கு இன்றும் அது பாடம். கொலையாளி யார் என்று அதில் அவர் சொல்லவில்லை.

அதே இதழ் பின்னாளில் இன்னும் சிக்கனமான வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்தது. 'குற்றப் பதிவேடு' என்ற தலைப்பில் ஓர் அட்டவணை: முதல் கட்டத்தில் நூலும் ஆசிரியரும், அடுத்ததில் குற்றம் நடந்த இடமும் துப்பறிகிறவரும், பிறகு ஓரிரு வரித் தொகுப்புரை, கடைசிக் கட்டத்தில் தீர்ப்பு. வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் அறிய விரும்புகிறவருக்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாடு வேறில்லை. நூலின் கலை பற்றி அதற்கு எந்தக் கவலையும் இல்லை.

இந்த இரண்டு தேவைகளையும் நீண்ட காலம் சமாளித்தவர் ஆந்தனி பவுச்சர். 1951 முதல் 1968இல் இறக்கும்வரை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் குற்ற நாவல்களுக்கான பத்தியை அவர் எழுதினார். அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் விமர்சனத்துக்கான எட்கர் விருதை அவருக்கு மூன்று முறை கொடுத்தது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸின் கதை ஒன்றை முதன்முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். 1948இல், ஒரு துப்பறியும் கதை இதழில்.

வில்சன் தொடங்கிய சண்டை

1944 அக்டோபரில் 'நியூயார்க்கர்' இதழில் எட்மண்ட் வில்சன் ஒரு கேள்வி கேட்டார்: ஜனங்கள் துப்பறியும் கதைகளை ஏன் படிக்கிறார்கள்? அன்றைய அமெரிக்காவின் முன்னணி விமர்சகர் அவர். சிலவற்றைப் படித்துப் பார்த்துவிட்டு, விடையை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று கைவிரித்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. நீங்கள் தப்பான புத்தகத்தைப் படித்தீர்கள், இதைப் படியுங்கள் என்று ஆளுக்கொரு பட்டியல். அவர் அந்தப் பட்டியல்களிலிருந்து சில நூல்களைப் படித்து, 1945 ஜனவரியில் இன்னும் கடுமையான இரண்டாவது கட்டுரை எழுதினார். சேயர்ஸின் 'நைன் டெய்லர்ஸ்' நாவலில் வரும் தேவாலய மணி அடிக்கும் விவரங்களில் பெரும்பகுதியைத் தாண்டிப் போனதை ஒளிக்காமல் சொன்னார். படிக்கும்படி இருந்ததாக அவர் ஒத்துக்கொண்டவர் ரேமண்ட் சாண்ட்லர் ஒருவர்தான்.

அந்தச் சாண்ட்லரும் 1944 டிசம்பரில் 'அட்லாண்டிக்' இதழில் தன் சகாக்களைப் போட்டுத் தாக்கியிருந்தார். ஏ.ஏ. மில்ன் எழுதிய 'ரெட் ஹவுஸ் மிஸ்டரி' (1922) நாவலை எடுத்துக்கொண்டு, முடிவு உட்பட முழுக் கதையையும் சொல்லி, இப்படி ஒரு கொலை நடந்திருக்கவே முடியாது என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் காட்டினார். பிரேதத்தை அடையாளம் காட்டுவதில் தொடங்கி விசாரணை நடைமுறை வரை எதுவும் தேறவில்லை. இந்தக் கட்டுரை படிக்காதவருக்கு நாவலைப் பாழாக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் முடிவைச் சொல்லாமல் அந்த வாதத்தை வைத்திருக்க முடியாது. படித்து முடித்தவருக்கு எழுதும் இரண்டாம் வகை விமர்சனத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

நான்கு ஆண்டு கழித்து, 1948இல், கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் மூன்றாவது கோணத்தைக் கொண்டுவந்தார். துப்பறியும் கதை தனக்குச் சிகரெட், மதுபோல ஒரு பழக்கம் என்று ஒப்புக்கொண்டார். கதை கிராமத்து இங்கிலாந்தில் நடக்க வேண்டும். குற்றமற்ற ஒரு சமூகத்தில் கொலை நுழைய வேண்டும். குற்றவாளி வெளியேற்றப்பட்டதும் பழைய தூய்மை திரும்ப வேண்டும். ஒருவகைப் பாவ மன்னிப்புச் சடங்காகவே அவர் இதைப் பார்த்தார். முடித்த கையோடு கதையை மறந்துவிடுவதாகவும், மறுபடி படிக்கும் ஆசையே எழுவதில்லை என்றும் சொன்னார்.

இங்கேதான் போவும் ஆடனும் எதிரெதிராக நிற்கிறார்கள். ஒருவருக்கு மறுவாசிப்பில்தான் கதை திறக்கிறது. மற்றவருக்கு மறுவாசிப்பே இல்லை. ஆடன் சொல்வது சரியென்றால், வில்சனுக்குப் பதில் சொல்ல வழியில்லை. விடை தெரிந்ததும் செத்துவிடும் புத்தகத்தில் விமர்சகருக்கு என்ன வேலை?

விடை தெரிந்த பிறகு

இந்த வகையின் எழுத்தாளர்களே இதைப் பல தடவை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1912இல் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 'சிங்கிங் போன்' தொகுப்பில் கதையைத் தலைகீழாகத் திருப்பினார். கொலை எப்படி நடந்தது, யார் செய்தார் என்பதை முதலில் காட்டிவிட்டு, துப்பறிகிறவர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதைப் பிறகு சொன்னார். 'கொலம்போ' தொலைக்காட்சித் தொடர் ஓடியது இந்த அச்சில்தான். 1931இல் ஃபிரான்சிஸ் ஐல்ஸ் தன் 'மாலிஸ் அஃபோர்தாட்' நாவலில் மனைவியைக் கொல்லப்போகும் டாக்டரைத் தொடக்கத்திலேயே நிறுத்தினார். ரூத் ரெண்டலின் 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்' (1977) முதல் வாக்கியத்திலேயே கொன்றவர், கொல்லப்பட்டவர்கள், காரணம் மூன்றையும் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகும் கீழே வைக்க முடியவில்லை. இப்படிப்பட்ட நூல்களுக்கு மதிப்புரை எழுதுவதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதோடு, ஆடன் சொன்னது எல்லா நூலுக்கும் பொருந்தாது என்பதற்கும் இவை சாட்சி.

உளவியலாளர்களும் இதில் இறங்கினார்கள். 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜொனதன் லெவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். அவற்றில் துப்பறியும் கதைகளும் இருந்தன. முடிவு முன்னமே தெரிந்தவர்கள் கதையைக் கூடுதலாக ரசித்ததாக முடிவு வந்தது. 2015இல் பெஞ்சமின் ஜான்சன், ஜூடித் ரோசன்பாம் நடத்திய ஆய்வு நேர் எதிராகப் பேசியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றைச் சொல்லலாம். சில பக்கச் சிறுகதையில் தெரிந்த முடிவு வழிகாட்டியாக இருக்கலாம். மூன்று நாள் வாசகரைக் கட்டிப்போடும் நாவலுக்கு அதே கணக்கு செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மறைக்க வேண்டும் என்று நினைப்பவர்களின் பிடிவாதத்துக்குக் கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகம் சாட்சி. 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கியது. கொரோனா காலத்து இடைவெளியைத் தவிர இன்றுவரை ஓடுகிறது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். விக்கிபீடியா அதன் முடிவை வெளியிட்டபோது கிறிஸ்டியின் குடும்பத்தார் வருத்தப்பட்டது 2010இல் செய்தியானது. கலைக்களஞ்சியம் படித்து முடித்தவருக்கு எழுதப்படுவது, டிக்கெட் எடுக்கப்போகிறவரோ முதல் வகை வாசகர். இருவரும் ஒரே பக்கத்தில் வந்து மோதிக்கொண்டதால்தான் அந்தத் தகராறு.

இரண்டாம் வாசிப்பை ஒரு கலையாகவே ஆக்கியவர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹேஸ். 1930களின் பிற்பகுதியில் பியூனஸ் அயர்ஸின் குடும்ப இதழான 'எல் ஹோகர்' பத்திரிகையில் துப்பறியும் நாவல்களுக்குச் சிறு மதிப்புரைகள் எழுதிவந்தார். பிறகு, ஹெர்பர்ட் குவெய்ன் என்ற கற்பனை எழுத்தாளரைப் பற்றிய 1941ஆம் ஆண்டுக் கதையில், உலகில் இல்லாத ஒரு துப்பறியும் நாவலுக்கு மதிப்புரை எழுதினார். அந்த நாவலில் துப்பறிகிறவர் ஒரு விடை சொல்லி வழக்கை முடிக்கிறார். ஆனால் கடைசியில் வரும் ஒரு வாக்கியம் அந்த விடை தவறு என்று உணர்த்துகிறது. வாசகர் திரும்பிப் போய்ப் படித்து உண்மையான விடையைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். போ கேட்ட மறுவாசிப்பை இங்கே நாவலே கட்டாயமாக்குகிறது.

பிரெஞ்சு அறிஞர் பியர் பயார் இதை நிஜ நாவலில் செய்துகாட்டினார். 1998இல் வந்த நூலில், ஆக்ராய்டு வழக்கில் துப்பறியும் பொய்ரோவே தவறான ஆளைப் பிடித்துவிட்டார் என்று வாதாடி, வேறொருவரைக் குற்றவாளியாக நிறுத்தினார். இதற்கு முன்னோடி 1914இல் லண்டனில் நடந்த ஒரு விளையாட்டு வழக்கு. டிக்கன்ஸ் 1870இல் பாதியில் விட்டுவிட்டு இறந்த 'எட்வின் டிரூட்' நாவலின் ஜான் ஜாஸ்பரை மேடையேற்றி விசாரித்தார்கள். செஸ்டர்டன் நீதிபதி, ஜார்ஜ் பெர்னார்ட் ஷா ஜூரித் தலைவர். ஆசிரியரின் விடையே இல்லாத நாவலுக்கும் விமர்சனம் சாத்தியம் என்றால், விடைக்கு வெளியே அதில் ஏதோ இருந்தாக வேண்டும்.

அது என்ன என்பதற்குக் கிறிஸ்டியின் 73 நோட்டுப் புத்தகங்களே பதில். ஜான் கரன் அவற்றைப் படித்து 2009இல் வெளியிட்ட நூலைப் பார்த்தால், கிறிஸ்டி ஒரே கதைக்கு வேறு வேறு ஆட்களைக் கொலையாளியாக வைத்துப் பார்த்தது தெரிகிறது. யார் என்பதை அவர் கடைசிவரை மாற்றிக்கொண்டிருக்கலாம். எதை எந்த வாக்கியத்தில் ஒளிப்பது என்பதில்தான் அவர் உழைப்பு. நான்கைந்து சாதாரணப் பொருள்களின் பட்டியலுக்கு நடுவே முக்கியமான ஒன்றைச் செருகுவது, ஒருவர் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதில் துப்பை வைப்பது, சாட்சி பார்த்ததாகச் சொல்வதற்கும் உண்மையில் பார்த்ததற்கும் இடையே ஒரு மயிரிழை விடுவது. கோனன் டாயில் 1892இலேயே இதற்குப் பாதை போட்டுவிட்டார். 'சில்வர் பிளேஸ்' கதையில் அன்றிரவு நாய் என்ன செய்தது என்பது ஹோம்ஸுக்குப் பெரிய துப்பு, வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். சி. டாலி கிங் போன்றவர்கள் 1930களில் நூலின் பின்னால் எந்தத் துப்பு எந்தப் பக்கத்தில் என்று அட்டவணையே அச்சிட்டார்கள். அந்த அட்டவணை ஒரு வகையில் எழுத்தாளரே தாக்கல் செய்யும் கணக்கு. அதைத் தணிக்கை செய்வதுதான் இரண்டாம் வகை விமர்சகரின் வேலை.

தணிக்கைக்கு உட்பட வேண்டியவை வேறும் உண்டு. முதலாவது, தொழில் விவரம். முதல் உலகப் போரின்போது டார்க்கீ நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்த கிறிஸ்டி, தன் முதல் நாவலில் விஷத்தைப் பயன்படுத்தினார். மருந்தாளர்களின் தொழில் இதழ் அதற்கு மதிப்புரை போட்டு, விஷம் சரியாகக் கையாளப்பட்டிருக்கிறது என்று பாராட்டியது. பல பாராட்டுகள் வந்தும் கிறிஸ்டிக்கு மிகப் பிடித்தது அதுதான். இரண்டாவது, எல்லோரும் ஒத்துக்கொண்ட மௌனங்கள். வான் டைனின் விதிகளில் ஒன்று, வேலைக்காரரைக் கொலையாளியாக்கக் கூடாது என்கிறது. அவர் அதற்குத் தகுதியானவர் இல்லையாம். நாக்ஸின் ஐந்தாவது கட்டளை, சீனர் யாரும் கதையில் வரக் கூடாது என்கிறது. அன்று மலிந்திருந்த சீன வில்லன்களைக் கேலி செய்ததாக அதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். 1939இல் பிரிட்டனில் வெளியான கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவலின் தலைப்பில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. அமெரிக்கப் பதிப்பு அதை உடனே மாற்றிக்கொண்டது. துப்புகளின் நேர்மையை அவ்வளவு பார்த்துப் பார்த்து எடைபோட்ட தலைமுறை, இந்த அநீதிகளைத் தாண்டிப் போனது. ஜூலியன் சைமன்ஸ் 1972இல் 'பிளடி மர்டர்' நூலில் துப்பறியும் கதையிலிருந்து குற்ற நாவலுக்கு நகர்ந்த பாதையை எழுதிய பிறகே, புதிரின் கச்சிதத்தோடு மனித மனமும் சமூகமும் மதிப்பீட்டுக்குள் ஒழுங்காக வந்தன.

தமிழில் நடந்தது

தமிழுக்கு இந்த வகை சீக்கிரமே வந்துவிட்டது. பண்டித எஸ்.எம். நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணரை வைத்து எழுதிய கதைகள் 1894இல் நூலாயின. 1908இல் ஜே.ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' நாவலில் துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஆங்கில மூலங்களைத் தாராளமாக எடுத்து, தமிழ் ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்களிலும் பொருத்தினார்கள். எவ்வளவு எடுத்தார்கள், எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்பது ஒரு விமர்சகருக்கு வாழ்நாள் வேலை. தமிழ் நாவல் வரலாறுகள் பலவும் இவர்களைச் சில பத்திகளில் கடந்துபோய்விடுகின்றன. 1940களில் தேவன் ஆனந்த விகடனில் எழுதிய 'துப்பறியும் சாம்பு', மூளையே இல்லாமல் அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கும் துப்பறிவாளரைப் படைத்தது. அதற்குள் இந்த வகை நன்கு பழகிப்போய், கேலி செய்யும் அளவுக்கு வளர்ந்திருந்தது. தமிழ்வாணனின் சங்கர்லால் அதற்குப் பின் வந்தார்.

சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968இல் குமுதத்தில் தொடராக வந்தது. வக்கீல் கணேஷின் முதல் பெரிய வழக்கு அது. அத்தியாயங்களுக்கு நடுவே ஒரு பெண்ணின் டைரிக் குறிப்புகள் வருகின்றன. அவை யாருடையவை, எப்போது எழுதியவை, முன்னால் ஓடும் விசாரணையோடு எங்கே சேர்கின்றன என்று வாசகரை வாராவாரம் தவிக்க வைத்த அமைப்பு அது. தோதரோவ் சொன்ன இரண்டு கதைகளையும் இரண்டு தண்டவாளமாக ஓட்டியிருக்கிறார். 'கொலையுதிர் காலம்' இன்னொரு விதத்தில் சுவாரஸ்யமானது. பேய் கூடாது என்பது நாக்ஸின் கட்டளை. சுஜாதா பேயா விஞ்ஞானமா என்பதையே கணேஷுக்கும் அவர் ஜூனியர் வஸந்துக்கும் இடையிலான விவாதமாக வளர்த்து, விதியை மீறுகிறாரா இல்லையா என்ற சந்தேகத்தைக் கதையின் எரிபொருளாக்கினார். இதில் அவர் நேர்மையாக நடந்துகொண்டாரா என்பதை விரிவாக விசாரிக்க முடிவைப் பேசித்தான் ஆக வேண்டும்.

1980களில் ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோர் மாத நாவல்களில் வந்தார்கள். பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடும் புத்தகங்கள் அவை. ராஜேஷ்குமார் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. இவ்வளவு படித்த சமூகத்தில் மதிப்புரை எங்கே இருந்தது? பெரும்பாலும் வாய்மொழியில். வாடகை நூலகக்காரர், 'இது சுமார், அதை எடுத்துட்டுப் போங்க' என்று சொன்னதும், மாத நாவலின் வாசகர் கடிதப் பக்கங்களும்தான் படிக்காதவருக்கான முதல் வகை விமர்சனம். இலக்கியச் சிற்றிதழ்கள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. படித்து முடித்தவருக்கான இரண்டாம் வகை அதனால் உருவாகவே இல்லை. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, தமிழில் நடக்காத பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அந்தப் பேச்சில் அட்டைப் படங்களுக்குக் கிடைத்த இடம் துப்புகளுக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் தமிழ்த் துப்பறியும் கதைக்கு ஒரு தனிப் பிரச்சினை இருந்தது; அதை ஆராய யாராவது இருந்திருக்க வேண்டும். இங்கே கதை பெரும்பாலும் வாரத் தொடராக எழுதப்பட்டது. மூன்றாவது வாரம் வைத்த துப்பை, பதினோராவது வாரம் மனம் மாறினால் திருத்த முடியாது. அது அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டது. வாராவாரம் வாசகர் விடையை ஊகித்துக் கடிதம் போடுவார். டிக்கன்ஸின் தொடரைப் போ அன்று மடக்கியதும் இதே சூழலில்தான். இந்த நெருக்கடிக்குள் ஒரு தமிழ் எழுத்தாளர் எவ்வளவு நேர்மையாகத் துப்பு வைத்தார் என்பது, மொத்தமாக எழுதி வெளியிட்ட லண்டன் நாவல்களுக்கு எழாத கேள்வி. பக்கங்களைக் கிழித்து, ஓவியர் ஜெயராஜின் படங்களோடு பைண்டு பண்ணி வைத்துக்கொண்டவர்களின் வீட்டில் அதற்கான சான்றுகள் இருந்தன.

இப்போது பழைய துப்பறியும் நாவல்கள் எங்கும் மறுபதிப்பாகின்றன. பிரிட்டிஷ் நூலகம் வெளியிடும் வரிசையில், ஜே. ஜெஃபர்சன் ஃபார்ஜனின் 1937ஆம் ஆண்டு நாவல் 'மிஸ்டரி இன் ஒயிட்' 2014இல் எதிர்பாராத விற்பனையைக் கண்டது. அந்த வரிசையின் முன்னுரைகளைத் துப்பறியும் எழுத்தாளரான மார்ட்டின் எட்வர்ட்ஸ், விடை கசியாமல் எழுதுகிறார். ஜப்பானில் ஏற்பாடு வேறு. அங்கே சிறு வடிவப் பதிப்புகளின் கடைசியில் ஒரு விமர்சகரின் விளக்கவுரை சேர்ப்பது வழக்கம். விடையைப் பேசப்போகும் இடத்தில் முன்கூட்டி எச்சரிக்கை தருவார்கள். தமிழ் மறுபதிப்புகளில் பழைய முன்னுரையோ ஆசிரியர் குறிப்போ மட்டுமே வருகிறது. 'ராஜாம்பாள்', 'நைலான் கயிறு' போன்றவற்றுக்குப் படித்து முடித்தவர்களுக்கான பின்னுரை ஒன்று வந்தால், எந்தத் துப்பு எங்கே வைக்கப்பட்டது, தொடரிலிருந்து புத்தகமாகும்போது எது மாறியது என்பதை அதில் பக்க எண்ணோடு பேசலாம். அதற்கு வார இதழின் மூல வடிவத்தோடு ஒப்பிட வேண்டும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய ஜனரஞ்சக இதழ்களும் நாவல்களும் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஒப்பிடும் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.